சரவணமுத்து மைதானமும் இலங்கையின் முதல் டெஸ்ட் வெற்றியும்

1985ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆம் திகதி, கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் இந்திய அணியை 149 ஓட்டங்களால் தோற்கடித்து இலங்கை தனது முதலாவது டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. அது எந்த மண்ணில், எத்தகைய காலத்தில் கிடைத்த வெற்றி என்பது பலரால் இன்று மறக்கப்பட்டுவிட்டது. அதனை நினைவூட்டுவது அவசியம் எனக் கருதுகிறேன்.

முதலில் அணியின் வளர்ச்சியைப் பார்ப்போம். 1979 உலகக் கிண்ணப் போட்டியில் இந்தியாவை 47 ஓட்டங்களால் வென்று இலங்கை உலகின் கவனத்தை ஈர்த்தது. 1981 ஜூலையில் டெஸ்ட் அந்தஸ்துக் கிடைத்தது. 1982 பெப்ரவரியில் இதே சரவணமுத்து மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக முதலாவது டெஸ்ட். இரண்டாம் இன்னிங்ஸில் 3 விக்கெட்டுக்கு 167 என்ற நல்ல நிலையில் இருந்த அணி 175 ஓட்டங்களுடன் சுருண்டு, 7 விக்கெட்டுகளால் தோற்றது. அனுபவமின்மைக்கு அணி கொடுத்த விலை அது. அதே ஆண்டு செப்டெம்பரில் சென்னை சேப்பாக்கத்தில் துலீப் மெண்டிஸ் இரு இன்னிங்ஸிலும் தலா 105 ஓட்டங்கள் எடுத்தார். 1984இல் லோர்ட்ஸ் மைதானத்தில் சித்தத் வெத்தமுனி 190 ஓட்டங்களைக் குவித்தார். எனினும் 13 டெஸ்ட் போட்டிகளில் ஒரு வெற்றியேனும் கிட்டவில்லை.

எதிரே வந்ததோ கபில்தேவின் இந்தியா. 1983இல் உலகக் கிண்ணத்தையும் 1985 மார்ச்சில் மெல்பேர்னில் உலகச் சாம்பியன் பட்டத்தையும் வென்ற அணி அது. எஸ்.எஸ்.சி. மைதானத்தில் நடந்த முதல் டெஸ்டில் இலங்கை வெற்றியை நெருங்கியபோதும் நேரம் போதாமையால் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. இரண்டாவது டெஸ்டில் அமல் சில்வா 111, ரஞ்சன் மடுகல்ல 103 ஓட்டங்களைப் பெற, இலங்கை 385 ஓட்டங்களைக் குவித்தது. இந்தியா 244. இலங்கை மீண்டும் 3 விக்கெட்டுக்கு 206 ஓட்டங்களுடன் ஆட்டத்தை நிறுத்தி, 348 என்ற இலக்கை நிர்ணயித்தது. இந்தியா 198 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. 78 ஓட்டங்களுடன் போராடிய கபில்தேவைத் தமது பந்திலேயே பிடியெடுத்து ஆட்டத்தை முடித்துவைத்தார் ருமேஷ் ரத்நாயக்க. போட்டியில் அவருக்கு 9 விக்கெட்டுகள். விக்கெட் காப்பாளர் அமல் சில்வா சதத்துடன் 9 ஆட்டமிழப்புகளிலும் பங்கேற்றார். நடுவர்களின் தீர்ப்புகள் குறித்து இந்தியத் தரப்பு அத்தொடரில் குறைபட்டது உண்மையே. ஆயினும் படிப்படியாக முன்னேறிய ஓர் அணிக்கு உரிய நேரத்தில் கிடைத்த பலன் இது என்பதை மறுக்க முடியாது.

இனி மைதானத்துக்கு வருவோம். 1899இல் தோன்றிய தமிழ் யூனியன் கழகத்தின் சொந்த மைதானம் இது. 1940களில் இது உருவாக முன்னின்று உழைத்தவர் சிவில் சேவை அதிகாரியும் இலங்கைக் கிரிக்கெட் சபையின் தலைவராக விளங்கியவருமான பாக்கியசோதி சரவணமுத்து. அவர் பெயரே பின்னாளில் மைதானத்துக்குச் சூட்டப்பட்டது. 1948இல் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி ஆடியதும் இங்கேதான். 1947இல் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்த மகாதேவா சதாசிவமும் பிற்காலத்தில் 800 டெஸ்ட் விக்கெட்டுகளை வீழ்த்திய முத்தையா முரளிதரனும் இக்கழகத்துக்காக ஆடியவர்களே.

ஆனால் 1985 எத்தகைய ஆண்டு? 1983 ஜூலை 24 இரவு தமிழர்மீதான வன்முறை வெடித்த பொரளை, இம்மைதானத்துக்கு மிக அருகில் உள்ளது. லோர்ட்ஸில் இலங்கை ஆடியபோது தமிழ் ஆர்ப்பாட்டக்காரர்கள் மைதானத்துள் புகுந்ததும் அந்த வேதனையின் வெளிப்பாடே. திம்புப் பேச்சுவார்த்தை 1985 ஆகஸ்டில் முறிந்தது. அதன்பின் இரு வாரங்களுக்குள் இத்தொடர் ஆரம்பமானது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அக்காலத்தில் இந்திய அணியின் வெற்றியை விரும்பிய தமிழர் பலரை நான் அறிவேன். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வராது. தம்மைத் தாக்கியோரைத் தண்டிக்காத ஓர் அரசின் கொடியை எவர்தான் முழுமனத்துடன் உயர்த்துவர்?

எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்நாட்டின் கிரிக்கெட் வரலாற்றில் தமிழருக்குள்ள பங்கு எவரும் இரங்கி அளித்ததன்று. நிலத்தைச் சீர்செய்து, ஆடுகளம் அமைத்து, வீரர்களை உருவாக்கிப் பெற்ற உரிமை அது. 1985இல் வென்ற இளைஞர்களின் திறமையைப் போற்றும்போது, அவர்கள் நின்று வென்ற மண்ணை ஆக்கியோரையும் நன்றியுடன் நினைப்பதே நேர்மையான வரலாறு. மைதானத்தின் வாயிலில் உள்ள தமிழ்ப் பெயர் அதற்குச் சான்று. அப்பெயருக்குரியவர் யார் என்பதையாவது நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம்.