பன்னிரண்டோடு முடிந்த கணக்கு

மஞ்சக்குப்பம் கோர்ட்டில் நடந்ததாகச் சொல்லப்படும் காட்சி ஒன்று உண்டு. வடலூர்ப் பக்கம் அதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. வருஷம் 1869. வழக்குத் தொடுத்தவர் யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலர். சிதம்பரம் கோயிலில் தம்மை அவதூறாகப் பேசினார்கள் என்பது பிராது. எதிரிகளில் தில்லைத் தீட்சிதர்களும் உண்டு, வடலூர் இராமலிங்க அடிகளும் உண்டு. அடிகள் கோர்ட்டுக்குள் நுழைந்ததும் கூடியிருந்தவர்கள் அனைவரும் எழுந்து நிற்கிறார்கள். நாவலரும் எழுந்து கைகூப்புகிறார். வாதியே எழுந்து கும்பிடும் மனிதர்மேல் என்ன வழக்கு என்று கேட்டு நீதிபதி தள்ளுபடி செய்துவிடுகிறார்.

நாவலர் பக்கத்தார் எழுதியவற்றில் இந்தக் காட்சி இல்லை. தீட்சிதருக்கு அபராதம் விழுந்தது, இராமலிங்கர் தாம் அப்படிப் பேசவில்லை என்று சொல்லி விடுபட்டார் என்று இருக்கும். ஒரே வழக்கில் இரு தரப்புக்கும் வெற்றி. கோர்ட்டுக் கதைகளில் இது சகஜம்தான். எழுந்து நின்றார்களா இல்லையா என்று துருவத் தொடங்கிய நான், கொஞ்ச நாளிலேயே அதை விட்டுவிட்டேன். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று குறுக்கே வந்து நின்றது. சிவபெருமானைப் பாடிய ஒருவர்மேல் சிவபக்தர் ஒருவருக்கு இவ்வளவு கோபம் எதற்கு?

வழக்கின் முதல் சான்றுப்பொருள் 1867இல் வந்த புத்தகம்தான். திருவருட்பா, முதல் நான்கு திருமுறைகள். பதிப்பித்தவர் தொழுவூர் வேலாயுத முதலியார். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் உட்கார்ந்து 19ஆம் நூற்றாண்டின் அருட்பாப் பதிப்புகளையும் கண்டனப் பிரசுரங்களையும் வரிசைப்படுத்தினேன். கண்டனங்களில் பெரும்பகுதியை ப. சரவணன் ‘அருட்பா மருட்பா’ கண்டனத் திரட்டாக ஒன்றுசேர்த்து வைத்திருக்கிறார். அவர் அந்தப் பாடு பட்டிராவிட்டால் என்னைப் போன்றவர்கள் இன்னும் அலைந்துகொண்டிருப்போம்.

புத்தகத்தின் உள்ளே திடுக்கிட ஒன்றுமில்லை. திருவொற்றியூர் தியாகேசரையும் தில்லைக் கூத்தனையும் நினைந்து உருகும் பாட்டுகள். தன்னைக் கடையன் என்றும் நாய் என்றும் தாழ்த்திக்கொள்ளும் பழைய அடியார் வழக்கு. பெயர் தெரியாமல் ஓர் ஓதுவார் கையில் கொடுத்திருந்தால் கண்ணை மூடிப் பாடியிருப்பார். சாதியையும் சாத்திரங்களையும் தூக்கி எறியும் பாட்டுகள் ஆறாம் திருமுறையில்தான் இருக்கின்றன. அது அச்சேறியது 1885இல், அடிகள் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று மறைந்து 11 வருஷம் கழித்து. 1865இல் அடிகள் தொடங்கிய சங்கத்தின் முதல் பெயரில்கூட ‘வேதம்’ இருந்தது: சமரச வேத சன்மார்க்க சங்கம். ‘வேத’ போய் ‘சுத்த’ வந்தது 1872இல்.

வரிசை இப்படி அமைந்ததும் வழக்கு தலைகீழாகிவிட்டது. புதுமை அச்சுக்கு வருவதற்கு முன்பே கண்டனம் வந்துவிட்டது. எரிச்சலூட்டியது பாட்டின் பொருள் அன்று.

பிறகு என்ன? புத்தகத்தின் முகப்பைப் பாருங்கள். ‘திருவருட்பா’ என்று நூற்பெயர். உட்பிரிவுகளுக்குத் ‘திருமுறை’ என்று பெயர். ஆசிரியர் பெயருக்கு முன்னால் ‘திருவருட்பிரகாச வள்ளலார்’ என்று பட்டம். சைவர்களுக்குத் திருமுறை என்றால் பன்னிரண்டு. அருட்பா என்றால் அந்தப் பன்னிரண்டில் இருப்பவை. ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் குடியிருந்த ஒருவரின் பாட்டுக்கு, அவர் உயிரோடு இருக்கும்போதே, அந்தப் பெயர்களைச் சூட்டியாயிற்று. இதில் வேடிக்கை, சூட்டியவர் அவரல்லர். பாடல்களை அச்சிட அனுமதி கேட்டு இறுக்கம் இரத்தின முதலியார் ஒருவேளை உணவோடு கிடந்து வற்புறுத்தினார். அவருக்கு எழுதிய கடிதத்தில் அடிகள், தம்மை ‘இராமலிங்கசாமி’ என்று போடுவதே ஆரவாரமாகத் தோன்றுகிறது, அப்படிப் போட வேண்டாம் என்கிறார். ‘சாமி’யையே வேண்டாம் என்றவருக்கு முகப்பில் கிடைத்தது வள்ளலார் பட்டம். சீடர்களை நம்பிக் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தால் இதுதான் நடக்கும்.

இனி எதிர்த்தரப்பு ஆவணம். நாவலருடையது என்று அறியப்படும் ‘போலியருட்பா மறுப்பு’. தமிழ் உரைநடையைச் செதுக்கித் தந்தவர் எழுதியது, படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. கிண்டலை நீக்கிப் பார்த்தால் வாதத்தின் முதுகெலும்பு இது: தேவாரமும் திருவாசகமும் அருட்பா என்பதற்கு அற்புதங்கள் சாட்சி. ஏடு நெருப்பில் வேகவில்லை, வைகையை எதிர்த்துப் போனது. கல் கடலில் மிதந்தது. முதலை விழுங்கிய பிள்ளை மீண்டது. இந்தப் பாட்டுகளால் என்ன நடந்தது? இவர் செய்துகாட்டிய அற்புதம் எங்கே?

வாதம் கறாரானதுதான். ஆனால் இந்த அளவுகோலை நாவலர் மற்ற இடங்களில் எப்படிப் பிடித்தார் என்று பார்க்க, மறுப்பை வைத்துவிட்டு அவருடைய முந்தைய நூல்களை எடுத்தேன். 1852இல் பெரியபுராணத்தை வசனமாக அச்சிட்டவர் அவர். மயிலாப்பூரில் குடத்திலிருந்த எலும்பும் சாம்பலும் பூம்பாவையாக எழுந்துவந்த வரலாற்றை அதில் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறார். அங்கே சாட்சி கேட்கவில்லை. கேட்டாலும் யாரை அழைப்பது? குடத்தைக் கொண்டுவா என்று 7ஆம் நூற்றாண்டுக்குச் சம்மன் அனுப்ப முடியாது.

1854இல் வந்த ‘சைவ தூஷண பரிகாரம்’ இன்னும் முக்கியமான தடயம். பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் கூடவே இருந்து உழைத்தவர் நாவலர். விவிலியத்தின் மூலைமுடுக்கெல்லாம் அவருக்குத் தெரியும். தூபம், தீபம், அபிஷேகம், கோயில் என்று மிஷனரிகள் எதையெல்லாம் மூடத்தனம் என்று ஏளனம் செய்தார்களோ, அவையெல்லாம் உங்கள் வேதத்திலும் இருக்கின்றனவே என்று அதிகாரம் அதிகாரமாக எடுத்துக்காட்டுகிறார். எனக்கொரு நீதி, உனக்கொரு நீதியா என்பதுதான் அந்தப் புத்தகம் முழுக்க ஓடும் கேள்வி. பதினைந்து வருஷம் கழித்து அதே கேள்வியை வடலூர்க்காரர்கள் அவரிடம் கேட்டிருக்கலாம்.

நாவலரைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. அவர் அச்சிட்டுக் காப்பாற்றிய நூல்களின் தயவில் படித்த தலைமுறைகளில் நானும் ஒருவன். அவருடைய கருவிகளில் பழமை எதுவும் இல்லை என்பதுதான் என்னை வியக்கவைக்கிறது. 1847 கடைசி நாளில் வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் அவர் தொடங்கிய பிரசங்கம், 1849இல் போட்ட அச்சுக்கூடம், 1864இல் சிதம்பரத்தில் திறந்த சைவப்பிரகாச வித்தியாசாலை, வினாவிடைப் புத்தகம் எல்லாமே மிஷனரிகளிடம் பார்த்துக் கற்றவை. தேர் பழையது, சக்கரம் புதியது. அதை யாரும் குற்றமாகச் சொல்லவில்லை. காரணம், ‘நாவலர்’ பட்டத்தைத் தந்தது திருவாவடுதுறை ஆதீனம். ‘வள்ளலார்’ பட்டத்தைத் தந்தது ஒரு சீடர். பழைய சமயத்தின் பலம் இங்கே இருக்கிறது: தன் புதுமைகளுக்கு அதுவே முத்திரை குத்திக்கொள்ளலாம். புதிய சமயம் முத்திரைக்கு யாரிடம் போகும்?

சரி, இந்தப் பன்னிரண்டு எப்போது மூடியது? நம்பியாண்டார் நம்பி திருமுறைகளை வகுத்தது இராசராசன் காலத்தில் என்பது மரபு. ஒன்பதாம் திருமுறையில் பாடியவர்களில் ஒருவர் கண்டராதித்த சோழர், 10ஆம் நூற்றாண்டு மன்னர். தஞ்சைப் பெரிய கோயிலையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் பாடிய கருவூர்த் தேவரும் அங்கே இருக்கிறார். அந்தக் கோயில்கள் அப்போது சுண்ணாம்பு காயாத புதுக் கட்டடங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பதினோராம் திருமுறையில் நம்பியின் பாட்டுகளே இருக்கின்றன. தொகுத்தவரே உள்ளே உட்கார்ந்துகொண்டார். பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டில் வந்து கடைசி இடத்தைப் பிடித்தது. தேவார மூவரைத் தவிர மற்றவர்களில் பலரிடம் ஏடு நீந்திய கதையோ கல் மிதந்த கதையோ கேட்கப்படவில்லை. அரசு, கோயில், தொகுப்பாளர் மூன்றும் ஒரே பக்கம் நின்றபோது நேற்றைய பாட்டு திருமுறை ஆயிற்று. 1867இல் சோழனும் இல்லை, கோயிலும் வடலூரில் இன்னும் எழவில்லை.

பழையது எல்லாம் ஒருபக்கம், புதியது மறுபக்கம் என்று எழுதிவிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் மஞ்சக்குப்பம் வழக்கின் எதிரிகள் பட்டியல் அதை அனுமதிக்காது. தில்லைத் தீட்சிதர்களைவிடப் பழமையானவர்கள் யார்? அவர்கள் நின்றது இராமலிங்கர் பக்கம். சிதம்பரத்தில் பூசை ஆகமப்படி நடக்கவில்லை, வேதவழியில் நடக்கிறது என்று நாவலர் அவர்களையும் விட்டுவைக்காமல் எழுதியிருந்தார். ஆகப் பழையவர்கள் ஆகப் புதியவரோடு சேர்ந்து, நடுவில் நின்ற சீர்திருத்தக்காரரை எதிர்த்தார்கள். தொலைவிலுள்ள புதுமையைச் சகித்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரன் நம் வீட்டுப் பெயர்ப்பலகையை எழுதி மாட்டும்போதுதான் ரத்தம் கொதிக்கிறது. தீட்சிதர்களின் பெயர்ப்பலகையில் வள்ளலார் கைவைக்கவில்லை, நாவலர் வைத்தார்.

கண்டித்தவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. புதிய சமயம் தேதி சொல்லும், இடம் சொல்லும், ஆளைக் காட்டும். 1871இல் ‘சமாதி வற்புறுத்தல்’ என்ற அறிக்கை வந்தது. இறந்தவர்களை எரிக்காதீர்கள், புதையுங்கள், ஆண்டவர் வந்து எழுப்புவார் என்றது. இதை நம்பி ஒரு குடும்பம் தகப்பனைப் புதைத்திருக்கும், காத்திருந்திருக்கும். அந்தக் காத்திருப்பை ஒருவன் கேள்வி கேட்பது தவறில்லை, கேட்காமல் விடுவதுதான் தவறு. 1873 அக்டோபர் 22இல் மேட்டுக்குப்பத்தில் மஞ்சளும் வெள்ளையுமான கொடியைக் கட்டிவிட்டு நிகழ்த்திய பேருபதேசத்தில் அடிகளே வேதம், ஆகமம், புராணம் எதிலும் லட்சியம் வைக்க வேண்டாம் என்றார். சைவத்தையும் அதில் சேர்த்துத்தான் சொன்னார். கண்டனக்காரர்களின் மூக்கு கூர்மையானது என்று இதைக் கொண்டு வாதிடலாம். நாலு வருஷம் முன்னமே மோப்பம் பிடித்துவிட்டார்கள் என்பீர்கள். எனக்கென்னவோ, வெளியே தள்ளத் தள்ளத்தான் அவர் முழுக்க வெளியே போனார் என்று தோன்றுகிறது. 1867 புத்தகம் படியேறி உள்ளே வர நின்ற ஒருவருடையது.

1874 ஜனவரி 30இல் அறைக்குள் போனவர் திரும்பவில்லை. மாணிக்கவாசகரும் தில்லையில் இப்படித்தான் கலந்தார் என்று அன்பர்கள் சொல்வார்கள். வேறுபாடு என்னவென்றால், 1906இல் வந்த தென்னார்க்காடு கெஜட்டியர் இந்தப் பூட்டிய அறையைப் பற்றி எழுதுகிறது. மாணிக்கவாசகர் காலத்தில் கெஜட்டியர் இல்லை.

இரண்டாம் சுற்று 1900களின் தொடக்கத்தில் சென்னையில் நடந்தது. நாவலர் வழிவந்த யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை 1904இல் இராமலிங்கர் பாடல்களை ‘ஆபாச தருப்பணம்’ என்று தலைப்பிட்டுத் தாக்கினார். அருட்பாவுக்காக மேடை ஏறியவர்களில் மறைமலையடிகள் உண்டு, கோட்டாற்று செய்குத்தம்பிப் பாவலரும் உண்டு. சைவர்களின் சண்டையில் ஒரு முஸ்லிம் புலவர் அருட்பாவுக்கு வாதாடினார். இதுவும் கோர்ட்டுக்குப் போனது. கதிரைவேற்பிள்ளையின் மாணவர் ஒருவர் இந்த வழக்கில் அலைந்து மெட்ரிகுலேஷன் தேர்வையே கோட்டைவிட்டார். திரு.வி.க. அவர். அதே திரு.வி.க. 1929இல் எழுதிய புத்தகத்தின் பெயர் ‘இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்’. 1966இல் ம.பொ.சி.யின் ‘வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு’ சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. வள்ளலார் பிறந்த அக்டோபர் 5ஐத் தனிப்பெருங்கருணை நாள் என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது. இந்த நூற்றைம்பது வருஷத்தில் மாறியது பாட்டு அன்று.

தேடலின் கடைசித் தாள்கள் பழைய அச்சுகள் அல்ல, சமீபத்திய ஆணைகள். வடலூர் சத்திய ஞான சபைக்கு அடிகளே 1872 ஜூலையில் வழிபாட்டு விதி எழுதிவைத்தார். உள்ளே வைக்க வேண்டியது தகரக் கண்ணாடி விளக்கு. பித்தளைக் குத்துவிளக்கு ஆகாது. உள்ளே போய்த் துடைத்து ஏற்ற வேண்டியவர்கள் 12 வயதுக்கு உட்பட்டவர்கள், அல்லது 72க்கு மேற்பட்டவர்கள். அர்ச்சனையோ நைவேத்தியமோ கிடையாது. காலப்போக்கில் அங்கே லிங்க வழிபாடு நுழைந்தது. அன்பர்கள் முறையிட்டார்கள். இது விதிக்கு மாறானது என்று இந்து சமய அறநிலையத் துறை 2006இல் ஆணையிட்டது, 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சைவத்தின் ஆகப் பழைய வழிபாட்டுக்கு அந்த வழக்கில் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு, அது நடுவில் வந்து புகுந்த புது வழக்கம் என்பது.