ரேங்க் பட்டியல்: ஷாங்காய் முதல் நாமக்கல் வரை

சென்ற வாரம் பேத்தி கைப்பேசியைக் கொண்டுவந்து நீட்டினாள். பிளஸ் டூ முடித்துவிட்டு எந்தக் கல்லூரியில் சேர்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். "தாத்தா, இந்தக் காலேஜுக்கு உலக ரேங்க் இருக்குதுங்க. நம்ம சேலம் அரசு கலைக் கல்லூரிக்கு அப்படி ஒண்ணும் இல்லீங்களே" என்றாள். உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரேங்க் என்ற சொல்லோடு எனக்கு அறுபது ஆண்டுப் பழக்கம்.

நான் சிறுவனாகப் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். மாதக் கடைசியில் முசே ஒரு தாளை வைத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை பெயர்களை உரக்கப் படிப்பார். அதற்குக் 'கிளாஸ்மான்' என்று பெயர். சொல்வதெழுதுதலில் ஐந்து பிழை என்றால் பூஜ்ஜியம். ஆறு பிழை செய்தவனும் முப்பது பிழை செய்தவனும் அந்தத் தாளில் ஒன்றுதான். வரிசை போடுவதில் அந்த நாடு அவ்வளவு கறார். அந்த நாட்டுக்கே ஒருநாள் ரேங்க் அட்டை வந்து சேர்ந்தது.

சீனா தன் பல்கலைக்கழகங்களை உலகத் தரத்துக்கு உயர்த்த 1998-இல் பெரிய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நாம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் என்று தெரிந்தால்தானே ஓட முடியும்? அதை அளக்கத்தான் ஷாங்காய் ஜியாவோ டோங் பல்கலைக்கழகத்தில் நியான் சாய் லியு என்ற பேராசிரியரும் அவர் குழுவும் கணக்குப் போட்டார்கள். 2003-இல் அது வெளியானது. உலகம் முழுவதையும் ஒரே வரிசையில் நிறுத்திய முதல் பட்டியல் என்று அதையே சொல்கிறார்கள்.

100 மதிப்பெண்ணை எப்படிப் பிரித்தார்கள் என்று பாருங்கள். நோபல் பரிசோ, கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கமோ பெற்ற ஆசிரியர்களுக்கு 20. மற்றவர்கள் அதிகம் மேற்கோள் காட்டும் ஆய்வாளர்களுக்கு 20. 'நேச்சர்', 'சயின்ஸ்' இதழ்களில் வந்த கட்டுரைகளுக்கு 20. மொத்த ஆய்வுக் கட்டுரைகளுக்கு 20. இவற்றை ஆசிரியர் எண்ணிக்கையோடு வைத்துப் பார்ப்பதற்கு 10. மீதி 10 'கல்வியின் தரம்'. அதை எப்படி அளந்தார்கள்? பழைய மாணவர்கள் வாங்கிய நோபல், ஃபீல்ட்ஸ் பரிசுகளை எண்ணி! வகுப்பில் பாடம் எப்படி நடக்கிறது என்பதற்கு அதில் கலமே கிடையாது.

பட்டியலைப் பார்த்த பிரான்சு அதிர்ந்துபோனது. முதல் ஐம்பதில் ஒரு பிரெஞ்சுப் பல்கலைக்கழகம்கூட இல்லை. காரணம் அறிவுக் குறைவல்ல, கணக்கு முறை. 1968 மாணவர் கிளர்ச்சிக்குப் பிறகு பாரிஸ் பல்கலைக்கழகத்தை 13 ஆகப் பிரித்திருந்தார்கள். ஆய்வில் பெரும்பகுதி, 1939-இல் ஏற்படுத்திய தேசிய ஆய்வு மையத்தின் பெயரிலும் இருந்தது. சிறந்த மாணவர்கள் சிறிய உயர்நிலைக் கல்லூரிகளுக்குப் போனார்கள். கூட்டுக் குடும்பம் பாகம் பிரிந்தால் யார் பேரிலும் பெரிய சொத்து தெரியாதல்லவா? அதே கதைதான்.

பிறகு பல நிறுவனங்களை ஒன்றுசேர்க்கத் தொடங்கினார்கள். அப்படி உருவான பாரிஸ்-சாக்லே 2020-இல் அதே ஷாங்காய்ப் பட்டியலில் 14-ஆம் இடத்துக்கு வந்தது. ஆட்கள் பெரும்பாலும் பழைய ஆட்கள்தான். பெயர்ப்பலகை ஒன்றானது.

இதைப் படித்தபோது எனக்கு நாமக்கல்தான் நினைவுக்கு வந்தது. முட்டைக்கும் லாரிக்கும் அடுத்து இந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை மாநில ரேங்க் எடுத்த விடுதிப் பள்ளிகள். எந்தெந்த மாவட்டத்துப் பெற்றோரோ டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். நன்றாகப் படித்து முன்னேறிய பிள்ளைகள் ஏராளம், மறுக்கவில்லை. ஆனால் எண்ணப்பட்டது பிளஸ் டூ மதிப்பெண் மட்டும். அதனால் பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தினார்கள். 2017 மே மாதம் தமிழக அரசு ரேங்க் அறிவிப்பதையே நிறுத்தியது. அடுத்த கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது.

பள்ளிகளை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் மாதாமாதம் எத்தனை கோப்பு முடித்தோம் என்று அறிக்கை கொடுக்க வேண்டும். பரமத்தி வேலூர்ப் பக்கத்து அம்மா ஒருவருடைய குடும்ப ஓய்வூதியக் கோப்பு என்னிடம் இருந்தது. கணவருடைய பணிப்பதிவேட்டில் ஒரு பதிவு விட்டுப்போயிருந்தது. அதைத் தேட மூன்று அலுவலகங்களுக்கு எழுத வேண்டும். அந்த நேரத்தில் இருபது சின்னக் கோப்புகளை முடித்துவிடலாம். அறிக்கையில் எந்தக் கோப்பானாலும் ஒன்று ஒன்றுதான். நான் சின்னதையே எடுத்தேன். பிரிவில் நானே முதல் என்று அதிகாரி பாராட்டினார். அந்த அம்மா ஏழு மாதம் பஸ் ஏறி வந்து போனார். அவர் நின்ற ஜன்னல் ஓரம் இன்றும் கண்ணில் நிற்கிறது.

நம் மத்திய அரசும் 2015-இல் தரவரிசைத் திட்டம் ஒன்றை ஏற்படுத்தி, 2016-இல் முதல் பட்டியலை வெளியிட்டது. அதில் கற்பித்தலுக்குக் கலம் உண்டு. பெண்கள், ஏழை மாணவர்கள் எத்தனை பேர் என்பதற்கும் உண்டு. அந்த வகையில் மேல். அதில் 2019 முதல் ஒட்டுமொத்தப் பிரிவில் முதலிடம் சென்னை ஐ.ஐ.டி.க்குத்தான். அதே ஐ.ஐ.டி. லண்டனிலிருந்து வரும் கியூ.எஸ். பட்டியலில் 2025-க்கு 227, 2026-க்கு 180. பேராசிரியர்களிடம் கருத்துக் கேட்டுப் போடும் மதிப்பெண்ணுக்கு அங்கே பெரிய பங்கு. ஒரே வருடத்தில் 47 படி ஏறும் அளவுக்கு வகுப்பறை மாறியிருக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

பேத்தியிடம் இதையெல்லாம் சொன்னேன். 1857-இல் பள்ளியாகத் தொடங்கிய நம் சேலம் கல்லூரிக்கு, தறிக்காரர் வீட்டிலிருந்தும் லாரி ஓட்டுநர் வீட்டிலிருந்தும் முதல் பட்டதாரிகள் வருகிறார்கள். அதற்கு ஷாங்காயில் மதிப்பெண் இல்லை. அதற்காக அங்கேதான் சேர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ரேங்க்கைப் பார்க்குமுன் எதை எண்ணினார்கள் என்று பார். பிறகு நேரில் போய் உன் பாடத்துக்கு எத்தனை ஆசிரியர்கள், ஆய்வகம் திறந்திருக்கிறதா, மூன்றாம் வருடப் பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேள் என்றேன்.

"அப்போ நீங்களும் வாங்க தாத்தா" என்றாள். வருகிற திங்கட்கிழமை இரண்டு கல்லூரிக்கும் பஸ் ஏறுகிறோம்.