வூலிச் பரிசோதனை: வருங்கால மனிதனுக்காகக் காத்திருந்த திருச்சபை

வருங்காலத்தைக் கணித்துக் கூறுவது சோதிடர்களுக்கு மட்டும் உரிய தொழிலல்ல. அரசியல் ஆய்வாளர்களும் பொருளியலாளர்களும் எம்போன்ற பத்திரிகையாளர்களும் அதைத் தாராளமாகவே செய்து வருகிறோம். ஆனால், ஒரு திருச்சபை அத்தகைய கணிப்பை நம்பித் தன்னை மாற்றியமைக்க முற்பட்டால் என்ன நேரும்? 1960களில் தென்கிழக்கு லண்டனிலுள்ள வூலிச்சில் நிகழ்ந்தவை இதற்கு நல்ல உதாரணமாகும்.

ஹிட்லரின் சிறையில் அடைபட்டிருந்த ஜேர்மனிய இறையியலாளர் டீட்ரிச் பொன்ஹோபர், மனிதகுலம் மதமற்ற ஒரு காலத்தை நோக்கிச் செல்வதாக 1944இல் நண்பருக்கு எழுதிய கடிதங்களில் குறிப்பிட்டார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர் தூக்கிலிடப்பட்டார். முற்றுப்பெறாத அந்தச் சிந்தனையைக் கையிலெடுத்தவர்களுள் ஒருவர், வூலிச் ஆயராகவிருந்த ஜோன் ரொபின்சன். 1963 மார்ச்சில் வெளியான அவரது 'ஒனஸ்ட் டு கோட்' என்ற சிறிய நூல், வானத்துக்கு அப்பால் வீற்றிருக்கும் கடவுள் என்ற படிமம் நவீன மனிதனுக்கு இனி உதவாது என வாதிட்டது. பத்து இலட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்பனையாகின. விசுவாசிக்க முடியாமல் தவித்த பலருக்கு அந்நூல் ஆறுதல் அளித்தது என்பதை மறுக்க முடியாது.

அதே வூலிச்சில் 1960இல் பங்குக்குருவாகப் பொறுப்பேற்றவர் நிக்கலஸ் ஸ்டேசி. 1952 ஒலிம்பிக்கில் ஓடிய வீரர், செயல்துடிப்பு மிக்கவர். வெறிச்சோடிக் கிடந்த பழைய ஆலயத்துக்குள் கோப்பிக் கடையும் அலுவலகங்களும் அமைத்தார். வழிபாட்டை நாடாத புதிய மனிதன் இவற்றையாவது நாடி வருவான் என்பது எதிர்பார்ப்பு. நான்கே ஆண்டுகளில், 1964 டிசம்பரில், தமது முயற்சி தோல்வியுற்றதாக அவரே 'ஒப்சேர்வர்' பத்திரிகையில் பகிரங்கமாக எழுதினார். கோப்பி அருந்த வந்தவர்கள் கோப்பியை அருந்திவிட்டுச் சென்றார்கள். 1968இல் ஸ்டேசி ஒக்ஸ்பாம் நிறுவனத்தில் பணியாற்றச் சென்றார்.

எனினும், அவர் தொடங்கிய ஒன்று நிலைத்தது. 1963இல் 32 பேர் ஆளுக்கு 2 பவுண் இட்டு, வீடற்றோருக்காகக் குவாட்ரன்ட் என்ற வீடமைப்புச் சங்கத்தை ஆரம்பித்தனர். அதன் வழிவந்த அமைப்பு இன்று பிரித்தானியாவின் மிகப்பெரிய வீடமைப்புச் சங்கங்களுள் ஒன்றாகும். வீடின்றித் தவிக்கும் குடும்பத்தை அறிந்துகொள்ள எவருடைய கணிப்பும் தேவைப்படவில்லை. அது கண்முன்னே நின்றது.

கண்முன்னே நின்றும் காணப்படாதவர்கள் வேறு சிலர். 1948 முதல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த குடியேறிகளுள் அங்கிலிக்கன் திருச்சபையினர் பலர் இருந்தனர். வழக்கம்போல் ஞாயிறு வழிபாட்டுக்குச் சென்றவர்களுக்கு ஆங்கிலேய ஆலயங்கள் பலவற்றில் முகங்கொடுத்துப் பேசவும் ஆளிருக்கவில்லை. கடவுளை நம்பாத வருங்கால மனிதனைப் பற்றி நூல்கள் எழுதிய திருச்சபை, கடவுளை நம்பிக்கொண்டு வாசலில் வந்து நின்ற மனிதனை வரவேற்கத் தவறியது. அவர்களிற் பலர் வீடுகளிலும் வாடகை மண்டபங்களிலும் கூடித் தமக்கெனச் சபைகளை உருவாக்கினர். பின்னர் மேற்கு ஆபிரிக்கர்களும் வந்தனர்.

ரொபின்சன் பணியாற்றிய சதர்க் மறைமாவட்டத்தின் எல்லைக்குள், சதர்க் நகராட்சிப் பகுதியில் மட்டும் 240 கறுப்பின சபைகள் இயங்குவதாக 2013இல் வெளியான ரோஹம்டன் பல்கலைக்கழக ஆய்வொன்று கணக்கிட்டது. களஞ்சியங்களிலும் கடைத்தொகுதிகளிலும் இவற்றிற் பல கூடுகின்றன. மதமற்ற காலம் பற்றிய கணிப்பு வெள்ளை ஆங்கிலேயரைப் பொறுத்தவரை பெருமளவு பலித்தது என்பதும் உண்மையே. ஆனால், லண்டன் அவர்களுக்கு மட்டும் உரிய நகரமாக இருக்கவில்லை.

கணிப்பவர்கள் தமது வட்டத்தையே உலகம் என்று எண்ணிவிடுவதுதான் இங்குள்ள சிக்கல் என்று கருதுகிறேன். அடுத்த தலைமுறைக்கு ஏற்பத் திருச்சபையை மாற்றுங்கள் என்ற குரல்கள் இன்றும் ஒலிக்கின்றன. மாற்றம் தேவையாக இருக்கலாம். ஆனால், இன்று வாசலில் நிற்பவர் யாரென்று பார்த்த பின்னரே அதைத் தீர்மானிக்க வேண்டும்.