சித்திரப் படமும் சின்னஞ்சிறு கண்களும்

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு திரையரங்கில் நீங்கள் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்தில் உங்கள் ஐந்து வயதுத் தம்பி. ஓடப்போவது ஒரு சித்திரப் படம். விளக்கு அணைந்ததும் திரையில் தணிக்கைச் சான்றிதழ் தோன்றுகிறது. அதில் 'யு' அல்லது 'யு/ஏ' என்ற குறி இருக்கும். நாம் அதைக் கவனிப்பதில்லை. "கார்ட்டூன்தானே! பிள்ளைகளுக்காக எடுத்ததுதானே!" என்று இருந்துவிடுகிறோம். அப்படி இருந்துவிடலாமா? அந்த எழுத்து பிறந்த கதையைக் கேளுங்கள்.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1918-ஆம் ஆண்டு முதல் திரைப்படச் சட்டம் வந்தது. அதன்படி 1920-இல் சென்னை, பம்பாய், கல்கத்தா, ரங்கூன் நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் அமைந்தன. அவை மாநகரக் காவல்துறைத் தலைவர்களின் பொறுப்பில் இருந்தன. ஒரு படத்தைக் காட்டலாமா, கூடாதா என்பதே அவர்களுக்குக் கேள்வி. பார்ப்பவர் ஐந்து வயதினரா, ஐம்பது வயதினரா என்று சட்டம் கேட்கவில்லை.

இங்கிலாந்தில் இந்தக் கேள்வி முன்பே எழுந்திருந்தது. வால்ட் டிஸ்னியின் 'ஸ்நோ ஒயிட்' என்ற முழுநீளச் சித்திரப் படம் 1938-இல் அங்கே சென்றது. அதில் அரசி கிழச் சூனியக்காரியாக உருமாறும் காட்சி உண்டு. தணிக்கைக் குழு 'ஏ' சான்றிதழ் அளித்தது. 16 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம் என்பது அன்று அதன் பொருள். சில ஊர் மன்றங்கள் இதை ஏற்காமல் எல்லாரையும் அனுமதித்தன. சித்திரம் என்பதாலேயே ஒரு படம் குழந்தைக்கு ஏற்றதாகிவிடுமா என்ற வாதம் அன்றே தொடங்கிவிட்டது.

நம் நாட்டில் 1949-இல் சட்டம் திருத்தப்பட்டு, 'யு', 'ஏ' என்ற இரு பிரிவுகள் வந்தன. அவ்வாண்டு ஏப்ரலில்தான் ராஜபாளையத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா சென்னை மாகாண அரசின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அவர் பதவியில் இருந்தபோதே, 1951-இல், மாகாணங்களிடமிருந்த தணிக்கை மத்திய அரசின் குழுவுக்கு மாறியது. 1983-இல் 'யு/ஏ' பிறந்தது. 12 வயதுக்குட்பட்டவர்களைப் பெற்றோர் வழிநடத்த வேண்டும் என்பது அதன் கருத்து. 2016-இல் வந்த 'ஜங்கிள் புக்' படத்துக்கு இந்தக் குறியே கிடைத்தது. முப்பரிமாணத்தில் விலங்குகள் பாய்வது சிறுவரை அச்சுறுத்தும் என்று காரணம் கூறினார்கள். சிலர் இதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

சிரிக்க வேண்டிய செய்தியா இது? 2014-இல் ஓர் ஆங்கில மருத்துவ இதழில் வெளியான ஆய்வைப் பாருங்கள். 1937 முதல் 2013 வரை வசூலில் முன்னின்ற 45 சித்திரப் படங்களை, அதே ஆண்டுகளில் வந்த பெரியோருக்கான 90 படங்களோடு ஒப்பிட்டார்கள். சித்திரப் படங்களில் மூன்றில் இரண்டு பங்கில் முக்கியப் பாத்திரம் ஒன்று திரையிலேயே சாகிறது. பெரியோர் படங்களிலோ பாதியில்தான் அப்படி!

அச்சமும் எல்லா வயதிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சாதுவான மனிதன் பச்சை நிற அரக்கனாக மாறும் தொலைக்காட்சிக் கதை ஒன்றைக் குழந்தைகளுக்குக் காட்டி, அமெரிக்க ஆய்வாளர்கள் 1986-இல் முடிவை வெளியிட்டார்கள். அரக்கன் நல்லவனுக்கு உதவுகிறான் என்பது பெரிய பிள்ளைகளுக்குப் புரிந்தது. பள்ளி செல்லாத சிறுவர்களோ உருமாற்றத்தைக் கண்டே மிரண்டார்கள். அவர்களுக்குக் கதையின் நியாயத்தைவிடக் கண்ணில் படும் உருவமே பெரிது.

ஆறுதலும் அப்படித்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தின் கூட்டத்தையும் இரைச்சலையும் கண்டு மிரளும் குழந்தைக்கு யாராவது விளக்கம் சொல்வார்களா? தூக்கித் தோளில் வைத்துக்கொள்வார்கள். அழுகை நிற்கும். திரையரங்கிலும் சின்னக் குழந்தைக்கு அணைப்பே மருந்து. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு, "இது வரைந்த படம், உண்மையில் நடக்கவில்லை" என்ற சொல்லே போதும்.

2023-இல் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டது. 'யு/ஏ' இப்போது 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிந்துள்ளது. இவை பெற்றோருக்கான அறிவிப்புகளே. 7 வயது நிரம்பாத குழந்தையை வாசலில் தடுத்து நிறுத்தும் கடமை திரையரங்குக்கு இல்லை. நூறாண்டுகளுக்கு மேலாக நடந்துவந்த தீர்ப்பின் கடைசி வரியை எழுதும் வேலை வீட்டுப் பெரியவர்களிடமே வந்து சேர்ந்திருக்கிறது.

ஆகவே, அடுத்த முறை படத்துக்குப் புறப்படுமுன் சான்றிதழில் உள்ள எண்ணைக் கேட்டறியுங்கள். கதையில் தாயோ தந்தையோ இறக்கிறார்களா, யாரேனும் கொடிய உருவாக மாறுகிறார்களா என்று முன்பே பார்த்தவரிடம் விசாரியுங்கள். அரங்கில் விளக்கு அணைந்த பிறகு திரையை மட்டும் பார்க்காமல், இடையிடையே தம்பியின் முகத்தையும் பாருங்கள். அவன் காதைப் பொத்திக்கொண்டால் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்துவிடுங்கள். டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் போனால் போகட்டும். அன்றிரவு அவன் நிம்மதியாகத் தூங்குவான்.