போர்ச் சேவை ஊனமும் அதன் ருசுவும்: புதுச்சேரி

படைச் சேவையில் அங்கம் பழுதுற்ற சிப்பாய்க்குரிய உபகாரச் சம்பளம், அவ்வூனம் சேவையால் விளைந்ததே என்பது ஸ்தாபிதமான பின்னரே கிட்டுவதாகும். புதுச்சேரியில் ‘சொல்தா’ என்று வழங்கப்பெறும் பிரெஞ்சுப் படையினரைப் பொறுத்தவரை, அந்த ருசுவின் வரலாறு பிரெஞ்சுச் சட்டத்தின் வரலாறேயாகும்.

1831 ஏப்ரல் 11-ஆம் தேதிச் சட்டம் நிரூபணத்தின் பாரம் முழுவதையும் சிப்பாயின் தலையிலேயே சுமத்தியிருந்தது. முதல் மகாயுத்தம் லட்சக்கணக்கானோரை அங்கவீனராக்கித் திருப்பியனுப்பிய பின், லுகோல் சட்டம் எனப்படும் 1919 மார்ச் 31-ஆம் தேதிச் சட்டம் அப்பாரத்தை அரசின் தோளுக்கு மாற்றிற்று. யுத்தச் சேவையில் கண்டறியப்பட்ட ஊனம், எதிர்ச்சாட்சியத்தை அரசு காட்டும்வரை, சேவையால் வந்ததாகவே அனுமானிக்கப்பட்டது. பதிவேடுகளைத் தன்வசம் வைத்திருக்கும் அரசே நிரூபிக்கட்டும் என்னும் இந்த நியாயத்தினும் மனிதத்தன்மை மிக்க விதி படைச் சட்டங்களில் அரிது.

ஆயினும் அவ்வனுமானத்திற்கும் ஒரு வரம்பு இருந்தது. பிற்காலச் சட்டத்தொகுப்பின்படி, நோயானது சேவையின் 90-ஆம் நாளுக்குப் பின்னும் வீடு திரும்பிய 60-ஆம் நாளுக்கு முன்னும் மருத்துவரால் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். உபகாரச் சம்பளம் கிட்ட, ஊனம் காயத்தாலாயின் பொதுவாக 10 சதவீதமும், நோயாலாயின் 30 சதவீதமும் எட்டவேண்டும். இந்தோசீனத்தில் போரிட்ட புதுச்சேரிச் சொல்தாக்களை இந்த நாட்கணக்கு பெரிதும் வருத்தக்கூடியதாயிருந்தது. காட்டுக் காவலரணில் குளிர்காய்ச்சலோடு நின்று, கொய்னா மாத்திரையை விழுங்கிவிட்டு மறுநாளும் துப்பாக்கி ஏந்தியவனுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு ஏது? சீட்டில்லாத காய்ச்சல் படைக் கையேட்டில் ஏறுவதில்லை. ஆண்டுகள் கழித்து அதன் விளைவு உடலில் தலைகாட்டும்போது, அனுமானத்தின் துணையின்றி, நோயின் தொடர்ச்சியைத் தானே மெய்ப்பிக்கவேண்டியவனாகிறான். புதுச்சேரிக் கடற்கரையில் 1938-இல் திறக்கப்பட்ட போர்நினைவுச் சின்னம் மாண்டோரைப் போற்றுகிறது. உயிரோடு மீண்டவனுக்கோ அந்தச் சீட்டே ஆதாரம்.

1954 நவம்பர் 1-இல் நிர்வாகமும், 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி ஆட்சியுரிமையும் இந்தியாவுக்கு மாறிய பின், ஒரே தெருவில் பிரெஞ்சுப் படையினர், இந்தியப் படையினர் என இருவகை முன்னாள் படையினர் வாழலாயினர். இந்தியப் படையினருக்கு ஊனம் சேவையால் விளைந்ததாகவோ மிகுந்ததாகவோ இருந்து, 20 சதவீதத்துக்குக் குறையாதிருத்தல் பொது விதி. சேர்க்கையின்போது குறிப்பிடப்படாத நோய் பின்னர்க் கண்டால், அதைச் சேவையால் வந்ததாகக் கொள்வதே முறை என்றும், மறுக்கும் மருத்துவக் குழு காரணம் காட்டவேண்டும் என்றும் 2013-இல் உச்ச நீதிமன்றம் விளக்கிற்று.

பிரான்ஸில் 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பிறந்த உபகாரச் சம்பள நியாயசபைகளின் வழக்குகள் 2019 நவம்பர் 1 முதல் நிர்வாக நீதிமன்றங்களுக்குச் சென்றுவிட்டன; அவற்றை அணுகுமுன் மேன்முறையீட்டு ஆணையத்திடம் விண்ணப்பித்தல் இப்போது கட்டாயம்.