பிடிக்கும் கையும் வெட்டும் கத்தியும்: நொதியமாக மாறும் பிறபொருளெதிரிகள்

பசறைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என் அத்தையைச் சில வருடங்களுக்கு முன்னர் பாம்பு கடித்தது. அடித்த பாம்பை ஒரு போத்தலில் போட்டுக்கொண்டு, தோட்ட லொறியில் அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். பாம்பைப் பார்த்த வைத்தியர் விஷமுறிவு மருந்து ஏற்றவில்லை. சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை இரத்தம் எடுத்து, அது உறைகிறதா என்று பார்த்தார்கள். சிறுநீர் போகிறதா என்று கேட்டார்கள். அவ்வளவுதான்.

"தோட்டத்து ஆளுங்கன்னா மருந்தக்கூட கண்ணுல காட்ட மாட்டாங்க" என்று மாமா விறாந்தையில் நின்று சத்தம் போட்டார். ஏன் ஏற்றவில்லை என்பதைத் தமிழில் எடுத்துச்சொல்ல அன்று அங்கே யாரும் இருக்கவில்லை.

அத்தை பிழைத்துக்கொண்டார். மாமாவின் கோபம் நியாயமா என்ற கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. அதற்கு விடை தேடியபோதுதான் நொதியங்களைப் போல வேலை செய்யும் பிறபொருளெதிரிகளைப் பற்றியும் தெரிந்துகொண்டேன்.

பிடிக்கும் கை

கிருமியோ நஞ்சோ உடலுக்குள் வந்தால் நமது நிர்ப்பீடனத் தொகுதி உருவாக்கும் புரதமே பிறபொருளெதிரி. கவண் செய்ய வெட்டும் கவட்டைக் கம்பைப் போன்றது அதன் வடிவம். இரண்டு பாரச் சங்கிலிகளும் இரண்டு இலேசான சங்கிலிகளும் சேர்ந்து அந்தக் கவட்டையை உண்டாக்குகின்றன. இரு கிளைகளின் நுனியிலும் ஆறு ஆறு புரத வளையங்கள் சேர்ந்து ஒரு குழியை அமைக்கின்றன. அந்த வளையங்கள் பிறபொருளெதிரிக்குப் பிறபொருளெதிரி வேறுபடும். ஆகவே ஒவ்வொன்றும் தனக்குப் பொருந்தும் வடிவத்தை மட்டுமே பிடிக்கும். பிடித்து வைப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். மீதியை வெண்குருதிக் கலங்கள் பார்த்துக்கொள்ளும்.

நொதியமும் பெரும்பாலும் புரதம்தான். ஆனால் அது பிடிப்பதோடு நிற்காது, பிடித்ததை மாற்றிவிடும். கவ்வாத்துக் கத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு செடியை வெட்டியதும் அது தீர்ந்துபோவதில்லை, அடுத்த செடிக்குப் போகிறது. பாம்பு விஷத்திலும் இத்தகைய கத்திகள் இருக்கின்றன. பொஸ்போலிப்பேசு என்ற நொதியம் கலங்களின் மென்சவ்வைச் சிதைக்கிறது. உலோகப்புரத நொதியங்கள் இரத்தக் குழாய்களின் சுவரை அரிக்கின்றன.

விஷமுறிவு மருந்து என்பது இந்தக் கத்திகளைப் பிடித்து நிறுத்தும் கைகளின் கூட்டம். குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷத்தை ஏற்றி, அதன் இரத்தத்தில் உருவாகும் பிறபொருளெதிரிகளைப் பிரித்தெடுக்கிறார்கள். ஒரு பிறபொருளெதிரியால் அதிகம் போனால் இரண்டு விஷ மூலக்கூறுகளைத்தான் பிடிக்க முடியும். பத்து, இருபது குப்பிகள் தேவைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இலங்கைக்கு இந்த மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கு எதிராகவே அது தயாரிக்கப்படுகிறது. சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கம் அதற்கு விஷம் வழங்கும் முக்கியமான இடம். அத்தையைக் கடித்தது இந்த நான்கில் எதுவுமல்ல, குணகட்டுவா என்று சிங்களத்தில் சொல்லும், மூக்கு மேல்நோக்கி வளைந்த குழிவிரியன். அந்தக் கைகளுக்கு இந்த விஷம் பொருந்தாது. ஏற்றியிருந்தால் பயன் கிடைத்திருக்காது. குதிரைப் புரதத்தால் கடும் ஒவ்வாமை வரும் ஆபத்து மட்டும் இருந்திருக்கும்.

கையே கத்தியானால்?

பிறபொருளெதிரி பிடிப்பதோடு வெட்டவும் செய்தால் அதற்கு 'அப்சைம்' என்று பெயர்.

இதன் வேர் 1940களில் இருக்கிறது. ஒரு பொருள் இன்னொன்றாக மாறும்போது கணப்பொழுது மட்டும் நிலைக்கும் ஒரு இடைநிலை வடிவம் உண்டு. நொதியத்தின் குழி அந்த வடிவத்துக்கே பொருந்துகிறது என்று வேதியியலாளர் லைனஸ் போலிங் விளக்கினார். அப்படியென்றால் அந்த இடைநிலையைப் பிடிக்கும் பிறபொருளெதிரியும் நொதியமாக வேலை செய்ய வேண்டும் என்று 1969இல் வில்லியம் ஜெங்க்ஸ் முன்மொழிந்தார். 1986இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் லேர்னர், பீற்றர் ஷுல்ட்ஸ் ஆகியோரின் குழுக்கள் தனித்தனியே அதைச் செய்துகாட்டின. இடைநிலை கணத்தில் மறைந்துவிடுவதால், அதைப் போன்ற ஆனால் நிலைத்து நிற்கும் ஒரு மூலக்கூறு பயன்படுத்தப்பட்டது. அதைப் பிடித்த பிறபொருளெதிரிகள் உண்மையான பொருளைச் சந்தித்தபோது அதன் பிணைப்பை உடைத்தன.

பிறகு மனித உடலே இவற்றை உருவாக்குவது தெரியவந்தது. மனித இரத்தத்தில் ஒரு சிறு புரதத்தைத் துண்டாக்கும் பிறபொருளெதிரிகள் இருப்பதை 1989இல் சுதிர் போல் தலைமையிலான குழு அறிவித்தது. 1999இல் பாரிஸ் ஆய்வாளர்கள் இதன் கெட்ட பக்கத்தைக் காட்டினார்கள். ஹீமோபிலியா நோயாளர்களுக்கு இரத்தம் உறைய ஏற்றும் எட்டாம் காரணியை, சிலரின் பிறபொருளெதிரிகள் வெட்டி வீணாக்கின. ஆகவே அப்சைம் எப்போதும் நண்பன் அல்ல.

ஒரு அப்சைம் பல விஷ மூலக்கூறுகளை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டுமானால் ஒரு குப்பியே போதுமே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் செயற்கை அப்சைம்கள் இயற்கை நொதியங்களைவிட மிக மெதுவானவை. விஷமோ பல புரதங்களின் கலவை. பாம்புக் கடிக்கு அப்சைம் மருந்து எதுவும் பாவனையில் இல்லை.

மாமாவின் அடுத்த கேள்வி

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அந்தப் பாம்புக்கு ஏன் இன்னும் மருந்து செய்யல?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி முதல் கேள்வியைவிடச் சரியானது. இலங்கையில் ஆண்டுக்குச் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, சுமார் 400 பேர் இறக்கிறார்கள் என்று 2016இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. விஷப் பாம்புகளில் அதிகம் பேரைக் கடிப்பது இந்தக் குழிவிரியன்தான். பெரும்பாலானோருக்கு வீக்கத்தோடு போய்விடும், சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகும். அதன் விஷத்தையும் சேர்த்து ஒரு மருந்தை உருவாக்கிப் பரிசோதித்த கொஸ்டா ரிக்கா - பேராதனை கூட்டு ஆய்வும் அதே 2016இல்தான் வெளியானது. அதற்குப் புதிய அப்சைம் தேவைப்படவில்லை, நூறாண்டு பழைய குதிரை முறையே போதுமாக இருந்தது. மலையில் வேலை செய்கிறவர்களைக் கடிக்கும் பாம்புக்கு மருந்து கொண்டுவர, புதிய அறிவியலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அதுவரை, பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். பாம்பை அடிக்கத் துரத்த வேண்டாம், தூரத்திலிருந்து ஒரு படம் போதும். மருந்து ஏற்றாவிட்டால் ஏன் என்று கேளுங்கள். அதைத் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.