சோழிகள் சொன்ன கிரகணம்

கொங்கு நாட்டுச் சிற்றூர்களில், சந்திர கிரகணத்தன்று தாம்பாளத்தில் நீர் வார்த்து அதில் உலக்கையை நிறுத்திப் பார்க்கும் வழக்கம் உண்டு. பாம்பு நிலவைப் பிடித்திருக்கும் வரை உலக்கை நிற்கும், விட்டதும் சாய்ந்துவிடும் என்பர். அடிப்பக்கம் தட்டையாக உள்ள உலக்கை எந்த நாளிலும் நிற்கும் என்பதை எவரும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஆனால் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று உண்டு. உலக்கையை எடுத்து நிறுத்த வேண்டிய நேரம் அவ்வீட்டாருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. பஞ்சாங்கம் அதைச் சொல்லியிருந்தது. தொலைநோக்கியோ கடிகாரமோ இல்லாத பஞ்சாங்கக்காரர் அந்நேரத்தை எவ்வாறு கணித்தார்?

புதுச்சேரியில் ஒரு கணக்கு

இவ்வினாவிற்கு விடை தரும் அரிய பதிவொன்று புதுச்சேரியிலிருந்து நமக்குக் கிடைத்துள்ளது. ஜான் வாரன் என்பவர் 1805 முதல் 1811 வரை சென்னை வானாய்வு நிலையத்தின் பொறுப்பில் இருந்தவர். தென்னாட்டுக் காலக் கணிப்பு முறைகளை ஆராய்ந்து, 1825இல் ‘கால சங்கலிதம்’ என்னும் நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர், 1825 மே 31 - ஜூன் 1 இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தை அவருக்குக் கணித்துக் காட்டினார்.

அவர் தாளில் எதையும் எழுதவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, கூட்டியும் கழித்தும் நகர்த்தினார். தேவையான வாய்பாடுகள் அனைத்தும் அவர் நினைவில் இருந்தன. அவர் சொன்ன தொடக்க நேரம் உண்மையான நேரத்திலிருந்து 4 நிமிடமே வேறுபட்டது. நடுநேரத்தில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை இருந்தது.

அவ்வாய்பாடுகளுக்கு ‘வாக்கியம்’ என்று பெயர். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. எனவே ஒரு சொற்றொடரை மனப்பாடம் செய்தால் ஓர் எண்ணையே மனப்பாடம் செய்ததாகும். சந்திரன் பூமிக்கு அருகில் வரும்போது விரைந்தும், தொலைவில் மெதுவாகவும் செல்கிறது. ஓர் அண்மை நிலையிலிருந்து மறு அண்மை நிலைக்கு வர ஏறத்தாழ 27.55 நாள் ஆகிறது. இத்தகைய ஒன்பது சுற்றுகள் 248 நாள்களில் முடிகின்றன. பிறகு அதே ஏற்ற இறக்கம் மீண்டும் தொடங்குகிறது. ஆகவே 248 வாக்கியங்கள் தெரிந்தவருக்கு, எந்த நாளிலும் சந்திரன் எங்கிருக்கும் என்பது தெரியும். இந்த 248 நாள் கணக்கு பண்டைய பாபிலோனியரின் களிமண் ஏடுகளிலும் காணப்படுவது வியப்பிற்குரியது.

வாரன் மற்றொன்றையும் குறிப்பிடுகிறார். அப்பஞ்சாங்கக்காரர் தம் கணக்கிற்கு அடிப்படையான வானியல் கோட்பாட்டை அறியாதவர். கிரகணம் ‘எப்போது’ என்று அவரால் சொல்ல முடிந்தது. ‘ஏன்’ என்று சொல்ல முடியவில்லை.

ஏன் நிகழ்கிறது?

அந்த ‘ஏன்’ நம் நாட்டிற்குப் புதியதன்று. சந்திரனை மறைப்பது பூமியின் நிழலே என்று ஆரியபட்டர் 499ஆம் ஆண்டளவிலேயே எழுதினார். கதிரவன், பூமி, சந்திரன் ஆகிய மூன்றும் அதே வரிசையில் ஒரு நேர்கோட்டில் அமையும்போது சந்திரன் பூமியின் நிழலுக்குள் செல்கிறது. எனவே சந்திர கிரகணம் பௌர்ணமியன்றே நிகழும்.

அப்படியானால் எல்லாப் பௌர்ணமியிலும் ஏன் கிரகணம் இல்லை? சந்திரனின் பாதை பூமியின் பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்துள்ளது. அதனால் பெரும்பாலான பௌர்ணமிகளில் சந்திரன் நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ நழுவிச் செல்கிறது. இரு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளே இராகு, கேது எனப்படுபவை. அப்புள்ளிகளுக்கு அருகில் பௌர்ணமி நேர்ந்தால்தான் கிரகணம் உண்டு. பாம்பாகச் சொல்லப்பட்டது கணக்கில் ஒரு புள்ளியே!

எங்கே தெரியும்?

கதிரவ கிரகணம் நிலப்பரப்பின் ஒரு பகுதியில் மட்டுமே தெரியும். சந்திர கிரகணமோ, அப்போது சந்திரன் அடிவானத்திற்கு மேலே உள்ள எல்லா இடங்களிலும் தெரியும். 2025 செப்டம்பர் 7 இரவு நிகழ்ந்த கிரகணம் இந்திய நேரப்படி 9.57க்குத் தொடங்கி 1.26க்கு முடிந்தது. அதில் முழு மறைப்பு மட்டும் 82 நிமிடம். சந்திரன் உயரத்தில் இருந்ததால் இந்தியா முழுவதற்கும் உரிய கிரகணம் அது. 2026 மார்ச் 3ஆம் நாள் கிரகணம் வேறு வகை. முழு மறைப்பு முடிவது மாலை 5.33க்கு, கோவையில் சந்திரன் உதிப்பதோ ஆறரை மணியளவில். நிழல் 6.48க்கு விலகிவிடுவதால், கோவைக்குக் கிடைப்பது கடைசிச் சில நிமிடங்களே. ஒரே கிரகணம்தான், கிழக்கே உள்ள நாடுகளுக்குக் கூடுதலாகத் தெரிகிறது.

இரண்டு பஞ்சாங்கம், ஒரு நடுவர்

வாக்கியம் மனப்பாடமாக வந்தது. மூல எண்களில் இருந்த சிறு பிழைகள் நூற்றாண்டுகளில் பெருகின. ‘ஏன்’ என்பதை அறியாதவரால் அவற்றைத் திருத்த இயலவில்லை. சென்னை வானாய்வு நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி (மறைவு 1880), நேரில் கண்டறிந்த அளவுகளுக்கு ஏற்பப் பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று வலியுறுத்தி, திருக்கணித முறையில் பஞ்சாங்கம் வெளியிட்டார். இன்றும் வாக்கியம், திருக்கணிதம் என்னும் இருவகைப் பஞ்சாங்கங்களும் தமிழ்நாட்டில் வழங்குகின்றன. எது சரி என்று வீட்டுத் திண்ணைகளில் வாதம் நடக்கிறது.

அந்த வாதத்தைத் தீர்க்க வானமே நடுவராக உள்ளது. 2028 டிசம்பர் 31 இரவு, முழுச் சந்திர கிரகணம் ஒன்று தமிழகம் எங்கும் தெரியும். இந்திய நேரப்படி 9.46 மணியளவில் சந்திரன் முழுதும் மறைந்து செந்நிறமாகும், 10.58 மணியளவில் ஒளி மீண்டும் எட்டிப் பார்க்கும். மாணவர்கள் கைக்கடிகாரமும் குறிப்பேடும் கொண்டு மொட்டை மாடிக்குச் சென்று, தொடக்கத்தையும் முடிவையும் குறித்துக்கொண்டு, வீட்டிலுள்ள பஞ்சாங்கத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சோழிகளால் கணித்தவரின் திறமையும், அதில் திருத்த வேண்டியிருந்ததும் அப்போது ஒருங்கே விளங்கும்.